கழித்தால் கிடைக்கும் கேலக்ஸி

சப்தரிஷி நட்சத்திரங்களின் வால் நுனியில் இருக்கும் மரீசிக்கு அருகே ஒரு கேலக்ஸி இருக்கிறது. எம்51 என்பது அதன் பட்டியல் எண், நீர்ச்சுழல் கேலக்ஸி என்பது அழைக்கும் பெயர். தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டு. 1845-இல் அயர்லாந்தின் பர் கோட்டையில், 6 அடி விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியில் ரோஸ் பிரபு அதைப் பார்த்து, அதன் சுருள் வடிவத்தைக் கையால் வரைந்து வைத்தார். இன்று 8 அங்குலத் தொலைநோக்கியும் குளிரூட்டிய கேமராவும் வைத்திருக்கும் வானியல் ஆர்வலர் ஒருவர், அந்த ஓவியத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுணுக்கமான படத்தை மொட்டை மாடியிலிருந்தே எடுத்துவிடுகிறார்.

தொலைநோக்கி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேமராவை எதற்குக் குளிரவைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேலக்ஸியைப் படமெடுப்பது என்றால் அதன் ஒளியைச் சேர்ப்பது என்று நினைக்கிறோம். அது வேலையில் பாதிதான், அதிலும் சுலபமான பாதி. கேலக்ஸியிலிருந்து வராமல் படத்துக்குள் புகுந்த அத்தனையையும் அடையாளம் கண்டு கழிப்பதுதான் மீதிப் பாதி. கேமராவைக் குளிரவைப்பது அந்தக் கழித்தலின் முதல் படி.

அரை நிமிடத்துக்கு ஒன்று

எம்51-க்குப் பக்கத்தில் ஒரு சிறிய கேலக்ஸி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பால் இழுத்ததில் பிய்ந்து சிதறிய நட்சத்திரங்கள் வெளிப்புறத்தில் மெல்லிய புகைபோலப் பரவியிருக்கின்றன. நல்ல படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் புகையில்தான் தெரியும். இதைப் படமாக்க எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

கேமராவின் ஒரு பிக்சல், முழுநிலவின் குறுக்களவில் சுமார் 1,800-இல் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு சதுரத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சதுரத்துக்குள் அடங்கும் புகையின் பிரகாசம், மிக மங்கலான ஒரு 25-ஆம் ஒளித்தர நட்சத்திரத்தின் பிரகாசம்தான். பச்சை நிற வடிகட்டி வழியாகப் பார்த்தால், அதிலிருந்து பூமியின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விநாடிக்குத் தோராயமாக ஒரு ஃபோட்டான் வந்து சேர்கிறது. 8 அங்குல ஆடியின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. ஆக, அந்தப் பிக்சலுக்கு அரை நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான் கிடைத்தால் பெரிது. 10 நிமிடம் காத்திருந்தால் 17 கிடைக்கும். வந்ததெல்லாம் வீணாகாமல் பதிவானதாகவே வைத்துக்கொள்வோம். இந்த 17 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

சூடான சிலிக்கான் சொல்லும் பொய்

கேமராவுக்குள் இருப்பது ஒரு சிலிக்கான் சில்லு. ஃபோட்டான் வந்து மோதினால், சிலிக்கானில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் ஒன்று விடுபடுகிறது. விடுபட்ட எலக்ட்ரான்களைப் பிக்சல் சேர்த்து வைத்து, எக்ஸ்போஷர் முடிந்ததும் எண்ணிச் சொல்கிறது. எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் 1.1 எலக்ட்ரான்வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் அதுபோல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கிறது, அதனால் அங்கே சிக்கல் இல்லை.

ஆனால் எலக்ட்ரானைத் தட்டிவிட ஒளிதான் வர வேண்டும் என்பதில்லை, வெப்பமே போதும். சூடான எந்தப் பொருளிலும் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் எப்போதாவது ஓர் எலக்ட்ரானுக்கு விடுபடப் போதுமான ஆற்றல் கிடைத்துவிடுகிறது. தொலைநோக்கியின் வாயை இறுக மூடி, கும்மிருட்டில் வைத்தாலும் இது நிற்காது. இதற்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். ஒளியால் விடுபட்ட எலக்ட்ரானும் வெப்பத்தால் விடுபட்ட எலக்ட்ரானும் பிக்சலுக்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே எண்ணிச் சொல்லும்.

பழைய வகைச் சில்லு ஒன்று 30 டிகிரி வெப்பத்தில் ஒரு பிக்சலுக்கு விநாடிக்கு 3 எலக்ட்ரான்களை இப்படிச் சும்மா உண்டாக்குவதாக எடுத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் 1,800. கேலக்ஸி தந்ததோ 17.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மூடியைப் போட்டுவிட்டு அதே 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால், அதில் வெப்பத்தின் 1,800 மட்டும்தானே இருக்கும்? அதைக் கேலக்ஸிப் படத்திலிருந்து கழித்துவிட்டால் 17 மிஞ்சாதா? மூடி போட்டு எடுக்கும் இந்தப் படத்துக்கு டார்க் ஃபிரேம் என்று பெயர். எல்லோரும் எடுக்கிறார்கள், கழிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அது மட்டும் போதாது. அம்மா தலையில் வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தின் எடையை அறிய, பூவோடு ஒருமுறையும் பூவில்லாமல் ஒருமுறையும் அம்மாவை எடை மேடையில் ஏற்றிக் கழித்துப் பார்ப்பது போன்றது இது. கணக்கில் தவறில்லை. எடை மேடையின் முள் ஆடும் ஆட்டம் மல்லிகைச் சரத்தின் எடையைவிடப் பெரிதாக இருப்பதுதான் பிரச்சினை.

எலக்ட்ரான்கள் தற்செயலாக விடுபடுவதால், எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சரியாக 1,800 ஆக இருக்காது. இப்படி ஒன்றையொன்று சாராத தற்செயல் நிகழ்வுகளுக்குப் பொதுவான ஒரு விதி உண்டு: சராசரியின் வர்க்கமூலம் எவ்வளவோ, அந்த அளவுக்கு எண்ணிக்கை மேலும் கீழும் ஆடும். 1,800-இன் வர்க்கமூலம் 42. சராசரியைக் கழித்துவிடலாம், இந்த 42-இன் ஆட்டத்தைக் கழிக்க முடியாது. அதற்குள் 17 காணாமல் போய்விடுகிறது. எனவே கழிப்பதற்கு முன்பே, கழிக்க வேண்டியதைச் சிறியதாக்கிவிட வேண்டும்.

அதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. சிலிக்கானின் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும்போதெல்லாம் இருள் மின்னோட்டம் பாதியாகிவிடுகிறது. 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்கு இறக்கினால் 48 டிகிரி வித்தியாசம், அதாவது எட்டு முறை பாதி. 256-இல் ஒரு பங்காகிவிடும். 1,800 என்பது 7 ஆகும், அதன் ஆட்டம் மூன்றுக்கும் குறைவு. இப்போது 17 தெளிவாகத் தெரியும்.

குளிரவைக்கும் கலை

1834-இல் பிரெஞ்சுக்காரர் ஜான் பெல்டியர் ஒரு விந்தையைக் கவனித்தார். இருவேறு உலோகங்கள் இணையும் இடங்களில் மின்சாரம் பாய்ந்தால், ஒரு இணைப்பு குளிர்கிறது, மற்றொன்று சூடாகிறது. வானியல் கேமராக்களின் முதுகில் இன்று இருப்பது அந்த விளைவுதான். உலோகத்துக்குப் பதில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தித் துண்டுகள், சில்லை ஒட்டிக் குளிரும் பக்கம், வெளியே சூடாகும் பக்கம், அந்தச் சூட்டை ஊதித் தள்ள ஒரு சின்ன மின்விசிறி. ஆர்வலர்கள் வாங்கும் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 முதல் 40 டிகிரி வரை கீழே இறங்கும். பெரிய ஆய்வகங்களுக்கு அது போதாது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை வைத்து, சில்லை மைனஸ் 100 டிகிரிக்கு அருகே கொண்டுபோகிறார்கள்.

குளிரின் அளவைப் போலவே அதன் நிலைத்தன்மையும் முக்கியம். நல்ல கேமராவில் மைனஸ் 10 என்று சொன்னால், மாலையிலும் விடியற்காலையிலும் மைனஸ் 10-தான். சாதாரண டிஜிட்டல் கேமராவின் சில்லோ, இரவு குளிரக் குளிரத் தானும் குளிரும், தொடர்ந்து படமெடுத்தால் மறுபடி சூடேறும். அதில் எடுத்த டார்க் ஃபிரேம் எந்தப் படத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கழிக்க வேண்டிய எண் நிலையாக இருந்தால்தான் கழித்தலுக்கே அர்த்தம் உண்டு.

நம் ஊர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது, ஈரப்பதம். 28 டிகிரி இரவில் மைனஸ் 10-க்கு இறக்கிய சில்லின்மேல், உள்ளே சிக்கிய காற்றில் உள்ள நீராவி உறைபனியாகப் படியும். அதனால் சில்லை இறுக மூடிய அறைக்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் போடுகிறார்கள். அறையின் கண்ணாடி ஜன்னலில் பனித்துளி படியாமலிருக்க அதை லேசாகச் சூடாக்கவும் செய்கிறார்கள். ஒரு பக்கம் குளிரூட்டி, அதற்கு ஒரு விரல் தள்ளி ஹீட்டர்.

ஃபிலிமுக்கும் குளிர் தேவைப்பட்டது

கேமராவைக் குளிரவைப்பது டிஜிட்டல் காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. ஐசக் ராபர்ட்ஸ் 1888-இல் இங்கிலாந்தில் 20 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்து அதன் சுருள் அமைப்பைக் காட்டியதும், எட்வின் ஹபிள் 1923-இல் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் அதே ஆண்ட்ரோமெடாவுக்குள் ஒரு மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அது பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி உலகம் என்று காட்டியதும் வெள்ளி உப்பு பூசிய கண்ணாடித் தகடுகளில்தான். வந்து விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் அவை பதிவு செய்தன.

மங்கலான ஒளியில் அவற்றுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒரு வெள்ளி உப்புத் துணுக்கில் படம் பதிய, பல ஃபோட்டான்கள் குறுகிய இடைவெளியில் வந்து சேர வேண்டும். முதல் ஃபோட்டான் உண்டாக்கிய வெள்ளி அணு, அடுத்தது வருவதற்குள் வெப்ப அதிர்வில் கலைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் எக்ஸ்போஷரை இரு மடங்காக்கினாலும் படம் இரு மடங்கு பிரகாசமாவதில்லை. அமெரிக்க ஆர்வலர்கள் சிலர் மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் உலர்பனியால் ஃபிலிமைக் குளிரவைத்து இதைச் சமாளித்தார்கள். எம்51-க்கு எண் தந்த மெசியே பட்டியல் முழுவதையும் அப்படிக் குளிர்ந்த ஃபிலிமில் எடுத்த எவரெட் கிரெய்மரின் படங்கள் 1978-இல் புத்தகமாகவும் வந்தன. வெப்பம் ஃபிலிமை மறக்க வைத்தது, சிலிக்கானை இல்லாததைச் சொல்ல வைக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சிலிக்கான் சில்லை உருவாக்கினார்கள். அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970-களின் நடுவிலேயே வானியலர்கள் அதைத் தொலைநோக்கியில் மாட்டிவிட்டார்கள். இன்றைய சிமாஸ் சில்லுகள் பத்து ஃபோட்டான்களில் எட்டு, ஒன்பதைப் பிடித்துவிடுகின்றன. ஆனால் இவ்வளவு கூர்மையான கண் இல்லாத ஒளியையும் அதே கூர்மையோடு பதிவு செய்கிறது.

மற்ற பொய்கள்

வெப்பத்துக்கு அடுத்து, எண்ணிச் சொல்லும் மின்சுற்றே செய்யும் பிழை. ஒவ்வொரு முறை பிக்சலைப் படிக்கும்போதும் ஓரிரு எலக்ட்ரான் கூடக் குறைய வரும். கண்ணாடியில் ஒட்டிய தூசி படத்தில் வளையமாக நிழல் விழச் செய்யும். லென்ஸின் ஓரத்தில் ஒளி குறையும். இந்த நிழலையும் ஒளிக்குறைவையும் சரிசெய்ய, அந்தியில் சீராக வெளுத்திருக்கும் வானத்தையோ வெள்ளைப் பலகையையோ படமெடுத்து, அதைக்கொண்டு கேலக்ஸிப் படத்தை வகுக்கிறார்கள். ஃபிளாட் என்று அதற்குப் பெயர்.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் துகள்கள் சில்லைத் துளைத்துப் புள்ளிகளையும் கீறல்களையும் விட்டுச் செல்லும். செயற்கைக்கோள்கள் கோடு கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் ஆறு மணி நேரத்தை ஒரே எக்ஸ்போஷராக எடுப்பதில்லை. 10 நிமிடம் வீதம் 36 படங்கள் எடுத்து அடுக்குகிறார்கள். ஒரு படத்தில் மட்டும் இருந்து மற்ற 35-இல் இல்லாத எதுவும் கேலக்ஸி அல்ல, மென்பொருள் அதைத் தூக்கி எறிந்துவிடும். படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சில பிக்சல் தூரம் வேண்டுமென்றே நகர்த்துவதும் உண்டு. அப்போது கேலக்ஸி சில்லின்மேல் இடம் மாறும், சில்லின் குறைகள் மாறாது. யார் யார் என்று அப்படிப் பிரித்துவிடலாம்.

அடுக்குவதால் இன்னொரு நன்மையும் உண்டு. 36 படங்களைக் கூட்டினால் கேலக்ஸியின் ஒளி 36 மடங்காகிறது, ஆட்டமோ 6 மடங்குதான் ஆகிறது. இதற்கெல்லாம் அடிப்படை, தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்புவது. நாம் எடுத்துக்கொண்ட பிக்சல் அளவில், பூமியின் சுழற்சியால் வானம் விநாடிக்கு 15 பிக்சல் வரை நகர்கிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுன்ட் துல்லியமாக எதிர்த்துச் சுழல, இரண்டாவது கேமரா ஒன்று ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

சுத்தமான கருவி கண்டவை

இப்படிப் பொறுமையாகக் கழித்துக்கொண்டே போனதில் புது அறிவியலும் கிடைத்திருக்கிறது. சுமார் 5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள என்ஜிசி 5907 என்ற கேலக்ஸியை, அமெரிக்க ஆர்வலர் ஜே கபனி அரை மீட்டர் தொலைநோக்கியால் படமெடுத்தார். அந்தக் கேலக்ஸி விழுங்கிய ஒரு குட்டிக் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் அதைச் சுற்றி வளைந்து ஓடுவது படத்தில் தெரிந்தது. 2008-இல் தொழில்முறை வானியலர்களோடு சேர்ந்து அதை ஆய்விதழில் வெளியிட்டார்.

பீட்டர் வான் டொக்கும், ராபர்ட்டோ ஏப்ரகாம் என்ற இரு வானியலர்கள் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தார்கள். பெரிய ஆடிக்குப் பதிலாக, விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுக்கப் பயன்படும் 400 மில்லிமீட்டர் லென்ஸ்களைக் கொத்தாகக் கட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் கடையில் கிடைக்கும் குளிரூட்டிய கேமராவை மாட்டினார்கள். தும்பி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆடியில் ஒளி சிதறிக் கேலக்ஸியைச் சுற்றிப் பொய்யான புகையை உண்டாக்கும். அந்த லென்ஸ்களின் மேற்பூச்சு அப்படிச் சிதறாமல் தடுத்தது. 2015-இல் கோமா கேலக்ஸிக் கொத்தின் திசையில் 47 பேய் கேலக்ஸிகளைக் கண்டதாக அறிவித்தார்கள். பரப்பில் பால்வீதியோடு ஒப்பிடத்தக்கவை, நட்சத்திரங்களோ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தும்பியைவிடப் பல மடங்கு பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பகுதியை ஏற்கெனவே பார்த்திருந்தன. தும்பி பெரிதாக இல்லை, சுத்தமாக இருந்தது.

2023-இல் இன்னொரு வியப்பு. வானத்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்தில், யாரும் அதுவரை கவனிக்காத ஒரு பெரிய ஒளி வளைவை யான் செயின்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற ஆர்வலர்கள் அறிவித்தார்கள். 106 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னத் தொலைநோக்கியில் கண்டது அது. ஆக்சிஜன் அயனி உமிழும் பச்சைநீல ஒளியை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியைப் போட்டு, பல இரவுகள் எடுத்தார்கள். அத்தகைய வடிகட்டி வானத்தின் ஒளியைத் தடுத்துவிடும்போது, மிஞ்சும் முதல் எதிரி கேமராவின் சொந்த இரைச்சல்தான். குளிரூட்டாத கேமராவில் அந்த வளைவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது ஆண்ட்ரோமெடாவின் பகுதி அல்ல, நம் பால்வீதிக்குள்ளேயே இருப்பது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கருதுகின்றன.

தொலைவு கூடக் கூடக் குளிரும் கூட வேண்டும். 1995 டிசம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, மைனஸ் 88 டிகிரியில் வைத்த சிசிடிகளோடு, ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய ஒரு துண்டு வானத்தைப் பத்து நாள் உற்றுப் பார்த்தது. 342 படங்களை அடுக்கியதில் சுமார் 3,000 கேலக்ஸிகள் தெரிந்தன. அவற்றையும் தாண்டிய கேலக்ஸிகளின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது. அகச்சிவப்பில் சூடான பொருள் எல்லாமே ஒளிர்வதால், சில்லை மட்டும் குளிரவைத்துப் பயனில்லை, தொலைநோக்கியே குளிர வேண்டும். 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் அதற்காகத்தான் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்தடுக்குக் குடையின் நிழலில் மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. அதன் கருவிகளில் ஒன்று மைனஸ் 266 டிகிரியில் இயங்குகிறது. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸியை அது பார்த்துவிட்டது.

குளிரவைக்க முடியாதது

மொட்டை மாடிக்கும் அந்த 17-க்கும் திரும்புவோம். வெப்பத்தின் ஆட்டத்தை மூன்றுக்குக் கீழே இறக்கியாயிற்று. இனி யார் எதிரி? வானம். நிலவில்லாத, மின்விளக்கின் வாசனையே இல்லாத வானத்துக்கும் இயற்கையாக ஒரு மங்கல் ஒளி உண்டு. எம்51-இன் புகையைவிட அது 16 மடங்கு பிரகாசம். நம் பிக்சலில் 10 நிமிடத்துக்குச் சுமார் 270 ஃபோட்டான், ஆட்டம் 16. கேலக்ஸியின் 17-க்கு ஏறக்குறையச் சமம். 36 படங்களை அடுக்கினால் கேலக்ஸி வென்றுவிடும்.

பெருநகரத்தின் நடுவில் வானம் அதைவிட 40 மடங்கு பிரகாசமாக இருக்கும். பிக்சலுக்கு 10,000-க்கும் மேல் ஃபோட்டான், ஆட்டம் 100. இருண்ட ஊரில் ஆறு மணி நேரத்தில் கிடைத்த அதே படத்துக்கு இங்கே 240 மணி நேரம் வேண்டும். கேமராவை மைனஸ் 50-க்கு இறக்கினாலும் இதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வாயு முகில்களைப் படமெடுப்பவர்கள் குறுகிய வடிகட்டியைப் போட்டு நகர வெளிச்சத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். கேலக்ஸியின் ஒளி பெரும்பாலும் நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறங்களிலும் பரந்து கிடப்பது. நகர ஒளியை வடிகட்டினால் கேலக்ஸியும் சேர்ந்து போய்விடும்.

அதனால்தான் இந்திய வானியலர்கள் ஜவ்வாது மலைக் காட்டில் காவலூரைத் தேடிப் போனார்கள், பிறகு 4,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் ஹான்லேக்குப் போனார்கள். ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டு விளக்குக்கும் வாகன விளக்குக்கும் கட்டுப்பாடு உண்டு.

பத்தில் ஒன்பது ஃபோட்டானைப் பிடிக்கும் கேமராவில் இனி முன்னேற மிஞ்சியிருப்பது பத்தில் ஒன்றுதான். இருள் மின்னோட்டத்தையும் ஏறக்குறைய ஒழித்துவிட்டோம். ஆனால் நகர வானத்தில் 40 மடங்கு லாபம் அப்படியே எடுப்பாரில்லாமல் கிடக்கிறது. அதை எந்தக் கேமரா நிறுவனமும் விற்க முடியாது. தெருவிளக்கின் ஒளி சாலையில் விழாமல் மேலே போவது மின்கட்டணத்திலும் வீண்தான். விளக்குக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்ப எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. கேலக்ஸிகளைப் படமெடுப்பதில் அடுத்த பெரிய முன்னேற்றத்தை மாநகராட்சியின் மின்பிரிவு செய்து காட்டலாம்.